நாலு விசிறி நாயகி

லோகநாயகிக்கு வாய் நீளம் என்று குப்பத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். வாய் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். அதை மூடி வைக்கத்தான் அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. பழவேற்காடு பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் பேசாமல் எப்படிப் பிழைப்பாள்? "தண்ணில விழவே இல்லக்கா, தானா ஆஃப் ஆயிடுச்சு" என்று சாமி மேல் சத்தியம் செய்த ஒருவனுடைய போனைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு குட்டி இறாலை இடுக்கியால் எடுத்துக் காட்டியவள் அவள். அந்த ஆள் இன்றைக்கும் கடைப்பக்கம் வருவதில்லை.

அப்பேர்ப்பட்ட வாய்தான் தை மாதத்துப் பஞ்சாயத்தில் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஏரியில் இறால் பிடிக்க நினைத்த இடத்தில் நினைத்தவன் இறங்கிவிட முடியாது. 'பாடு' என்று ஒரு முறை உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு, இந்தச் சுற்றுக்கு இன்னாருக்கு இன்ன இடம் என்று முடிவாகும். விழுந்த இடத்தில் வரிசையாகக் கழி நட்டு வலை கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து இடத்துக்குள் ஒரு கழி சாய்ந்தாலும் ஊர் கூடிவிடும். அப்படித்தான் அன்றைக்கும் கூடியிருந்தது.

ஒரு பக்கம் லோகநாயகியின் புருஷன் தாமோதரன். இன்னொரு பக்கம் அவளுடைய பெரியப்பா மகன் சகாதேவன். இந்தச் சுற்றில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் விழுந்திருந்தது.

"என் எடத்துக்குள்ள பூந்துகினான் தலைவரே" என்றான் சகாதேவன். "என் வலையத் தூக்கினா பாசி. மாப்ள வலையத் தூக்கினா கூடை கூடையா எறா. இது இன்னா நாயம்?"

"மச்சான்தான் என் பக்கம் சாஞ்சிகினு வந்துட்டாரு" என்றான் தாமோதரன். "நான் நட்டது நூல் புடிச்ச மாதிரி கீது."

படகிலிருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. இவன் படகிலிருந்து பார்த்தால் அவன் கோணல், அவன் படகிலிருந்து பார்த்தால் இவன் கோணல். தலைவர் ரங்கனுக்கோ பசி நேரம். இரண்டு பேரும் கங்கையம்மன் விளக்குக்கு ஆளுக்கொரு டின் எண்ணெய் வாங்கி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று சொல்லித் துண்டை உதறிவிட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம். லோகநாயகி தள்ளித்தான் நின்றாள். வாய் மட்டும் தள்ளி நிற்கவில்லை.

"தப்பு பண்ணவனும் எண்ணெ, பண்ணாதவனும் எண்ணெயா? மேல இருந்து ஒரு போட்டோ புடிச்சா யாரு கோணல்னு பல்ல இளிச்சிகினு தெரிஞ்சிடப் போவுது!"

"மேல யாரு போறது, நீயா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"என் மிஷின் போவும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சகாதேவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "எது, அந்த நாலு விசிறியா? அது முனியம்மா கருவாட்டுல போய் எறங்குனத ஊரே பாத்துச்சே தங்கச்சி!"

சிரிப்புக்கு மேல் சிரிப்பு. லோகநாயகிக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. "சரிண்ணே, பந்தயம்! எவன் கோட்டத் தாண்டி நட்டானோ அவன் இந்தச் சுத்து முழுக்க ஏரில கால் வைக்கக் கூடாது. அவன் எடம் அடுத்தவனுக்கு. சம்மதமா?"

சகாதேவன் யோசிக்கக்கூட இல்லை, சம்மதம் என்றுவிட்டான். ரங்கன் அமாவாசை வரை, அதாவது பதினைந்து நாள், கெடு கொடுத்தார். தாமோதரன் மட்டும் பெண்டாட்டியை முறைத்துக்கொண்டு நின்றான். வருஷத்தில் நல்ல இறால் விழுகிற சுற்று இது ஒன்றுதான். இதில் விட்டால் அடுத்த மழைக்காலம் வரைக்கும் நண்டு வலையும் கையுமாக அல்லாட வேண்டும்.

"உன்ன யாருடி கேட்டா?" என்றான் வீட்டுக்கு வந்ததும். "ஒரு டின் எண்ணெயோட போயிருக்கும்."

"நீ நேராத்தானே நட்ட?"

"மெய்யாலுமே நேராத்தான் நட்டேன்."

"அப்புறம் இன்னா பயம்?"

"உன் மிஷின நெனச்சாத்தான் பயம்" என்றான் தாமோதரன்.

பயத்தில் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்தவள் லோகநாயகி. ஈயம் ஊற்றி ஒட்டுகிற வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். தீபாவளிக்குப் பிறகு தானே ஒரு ட்ரோன் செய்யும் ஆசை வந்து, நாலு மோட்டார், நாலு விசிறி, மூளை மாதிரி ஒரு சின்ன போர்டு, ரிமோட், கேமரா எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தாள். உடம்புக்கான சட்டத்துக்கு மட்டும் கடையைத் தேடிப் போகவில்லை. ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போட்டு மீந்த கண்ணாடியிழைப் பாயையும் பிசினையும் வைத்து நாலு கை உள்ள ஒரு சிலுவையை அவளே வார்த்துவிட்டாள். பார்க்கக் கனஜோராக இருந்தது. பறக்கத்தான் மாட்டேன் என்றது.

முதல் தடவை தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே குப்புறக் கவிழ்ந்தது. நாலு விசிறியும் ஒரே பக்கமாகச் சுற்றக்கூடாது, இரண்டு வலமும் இரண்டு இடமுமாகச் சுற்ற வேண்டும். இவள் இரண்டை மாற்றி மாட்டியிருந்தாள். சரிசெய்து விட்ட இரண்டாம் தடவைதான் கருவாட்டுச் சம்பவம். தலையாட்டிக்கொண்டே மேலே போய், தலையாட்டிக்கொண்டே முனியம்மாள் காயப்போட்டிருந்த கானாங்கெளுத்தி மேல் இறங்கியது. முனியம்மாள் அன்றைக்குப் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து லோகநாயகிக்கு ஊரில் 'நாலு விசிறி நாயகி' என்று பெயர்.

பந்தயத்துக்கு மறுநாள் தாமோதரனே வழி சொன்னான். சோறு போகிற கவலையில் அவனுக்கும் அறிவு பீறிட்டது. "படகு ஏன் ஆடாம நிக்குது? அடில கனம் கீது. உன் மிஷினுக்கு அடில இன்னா கீது? காத்து! ஈயக்குண்டு கட்டிப் பாரு."

லோகநாயகியும் மீன்காரன் மகள்தானே? அவளுடைய நைனாவும் சின்ன வயதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: அடி கனத்தால் தலை ஆடாது. "அட, ஆமாம்ல!" என்று வலையில் கட்டுகிற ஈயக்குண்டு நாலைக் கோத்து மிஷினின் வயிற்றில் தொங்கவிட்டாள். கரையில் வைத்துக் கிளப்பினார்கள்.

ஐயோ, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல! மிஷின் இந்தப் பக்கம் சாய்ந்தால் குண்டு அந்தப் பக்கம் ஆடியது. குண்டை இழுத்துப் பிடிக்க மிஷின் அந்தப் பக்கம் பாய்ந்தால் குண்டு இந்தப் பக்கம் வந்தது. ஆட்டம் ஆட்டமாகப் பெருகி, கடைசியில் தூளிக்கு வெறி பிடித்த மாதிரி ஆகி, யோசனை சொன்ன ஆளைக் குறிவைத்தே துரத்தியது. தாமோதரன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏரியில் குதித்தான். மிஷின் மணலில் மூக்கைக் குத்தி நின்றது.

"உன் யோசனைய மூட்ட கட்டி வைய்யா!" என்று லோகநாயகி கத்தினாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாமோதரன், "கட்டுனது நீதானே?" என்றான்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் வலை பார்க்க அவனோடு படகில் போனாள். வாடைக்காற்று ஒரு மாதிரி வீசிக்கொண்டிருந்தது. தாமோதரன் படகின் நுனியில் நின்று கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். படகு ஆடியது, அவன் ஆடவில்லை. லோகநாயகி எதையோ சொல்ல வாயெடுத்தவள் அவன் காலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். அதுவே ஒரு அதிசயம். அவன் பாதம் ஒரு நொடி சும்மா இல்லை. படகு இடப்பக்கம் சாய்கிறபோதே இடது பெருவிரல் அழுந்துகிறது, வலப்பக்கம் சாயுமுன் வலது குதிகால் அழுந்துகிறது. அவனுக்கே தெரியாமல் கால் பாட்டுக்குத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

"யோவ்! உன் கால்ல ஈயமா கட்டிகினு நிக்கற?"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல மாமா, நீ நில்லு. அப்படியே நில்லு" என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கே ஈயத்தைக் கழற்றி எறிந்தாள். பிரச்சினை கனத்தில் இல்லை, காலில் இருந்தது. மிஷினுக்குக் கால் அந்தப் போர்டுதான். எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு திருத்த வேண்டும் என்று அதற்கு எண்களால் சொல்லிவைக்க வேண்டும். கூடச் சொன்னால் குளிர்ஜுரம் வந்ததுபோல் வெடவெடவென்று நடுங்கியது. குறைத்துச் சொன்னால் சனிக்கிழமை சாயங்காலத்துக் குடிகாரனாகத் தள்ளாடியது. மோட்டாரின் அதிர்வு போர்டைக் குழப்புகிறது என்று கண்டுபிடித்து, தாமோதரனின் ரப்பர் செருப்பிலிருந்து நாலு துண்டு வெட்டி அடியில் மெத்தை வைத்தாள். அவன் மறுநாள் முழுக்கச் செருப்பைத் தேடினான். காற்று தள்ளினாலும் நின்ற இடம் மாறாமலிருக்க, சாட்டிலைட்டைக் கேட்டு இடத்தைச் சொல்லும் சின்ன டப்பி ஒன்றையும் தலையில் பொருத்தினாள். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மிஷின் ஆள் உயரத்துக்கு எழும்பியது, நின்றது. நின்றதென்றால் ஆணி அடித்த மாதிரி நின்றது.

முனியம்மாள் துடைப்பக்கட்டையோடு வந்தாள். பழைய பாக்கி. கட்டையால் மிஷினின் கையில் ஒரு தள்ளு தள்ளினாள். அது ஒதுங்கிப்போய் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது. இன்னொரு தள்ளு. திரும்பவும் வந்தது.

"ரோஷங்கெட்ட ஜென்மம், எத்தினி தள்ளு தள்ளினாலும் வருது பாரு" என்று சொல்லிவிட்டு முனியம்மாள் போய்விட்டாள். லோகநாயகிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

அமாவாசை அன்று காலையில் ஏரிக்குப் போனார்கள். ஒரு படகில் ரங்கன், சகாதேவன், தாமோதரன், லோகநாயகி. சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் படகு. ரங்கன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "கயிறு கட்டி வுடு. அறுத்துகினு அந்தாண்ட ராக்கெட் வுடற எடத்துக்குப் போயிடுச்சுன்னா நம்பள எல்லாம் வேன்ல அள்ளிகினு போயிடுவாங்க." எதிர்க்கட்சி என்பதால் மெல்லிய நைலான் நரம்பின் மறுமுனையைச் சகாதேவன் கையில் கொடுத்தார்கள்.

"பாத்துப் புடிண்ணே, உன்னத் தூக்கிகினு போயிடப் போவுது" என்றாள் லோகநாயகி.

"கருவாடு எதுவும் இங்க இல்லம்மா, உன் மிஷின் எங்க எறங்கும்?" என்றான் அவன்.

மிஷின் கிளம்பியது. படகுகளில் சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் அப்படியே நின்றுவிட்டன. இரண்டு கையையும் விரித்தால் ஒரு மார்; அப்படி நாற்பது மார் உயரத்தில் போய், வாடைக்காற்றில் ஒரு அசைவு இல்லாமல் நின்றது. லோகநாயகி கர்வத்தோடு நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரிமோட்டில் மாட்டியிருந்த போனைக் கையால் வெயில் மறைத்துக் குனிந்து பார்த்தாள்.

பார்த்தவள் படத்தை விரலால் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தாள்.

தலைக்கழியிலிருந்து தெற்கே ஏழு கழி நூல் பிடித்த மாதிரி இருந்தது. எட்டாவதிலிருந்து மேற்கே சாய்ந்து, சாய்ந்து, கடைசிக் கழி சகாதேவன் இடத்துக்குள் பத்து மார் போயிருந்தது. யார் வரிசை? கழி நுனியில் பச்சைத் துணி கட்டியிருந்தது. அந்தத் துணி அவளுடைய பழைய புடவைதான்.

அடப்பாவி மனுஷா!

"இன்னா தெரியுது?" என்றார் ரங்கன்.

"வெயில் அடிக்குது தலைவரே, இருங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. பந்தயம் அவள் போட்டது. தண்டனை அவள் சொன்னது. ஒரு டின் எண்ணெயோடு போக வேண்டியதை இழுத்து வந்து புருஷன் சோற்றில் அவளே மண்ணைப் போட்டுவிட்டாள்.

கை தானாக ரிமோட்டின் குச்சியைத் தட்டியது. படம் கொஞ்சம் கலங்கினால் போதும். ஒன்றும் தெளிவில்லை என்று சொல்லிவிடலாம். மிஷின் சாய்ந்தது. விரலை விட்டதும் நிமிர்ந்து நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி நின்றது. படம் கண்ணாடி மாதிரி. "அண்ணே, கயிற கொஞ்சம் வெடுக்குனு இழு, ஸ்ட்ராங்கா கீதான்னு பாப்போம்" என்றாள். சகாதேவன் சந்தோஷமாக இழுத்தான். மிஷின் ஒரு தடவை தலையைக் குனிந்துவிட்டுத் தன் இடத்துக்கே வந்துவிட்டது. மூன்று மாதமாக ஆடாதே, ஆடாதே என்று இவள்தான் கெஞ்சினாள். இப்போது ஆடு, ஆடு என்றால் அது கேட்குமா?

இன்னொரு வழியும் இருந்தது. இடது குச்சியை அடிவரை இறக்கிப் பிடித்தால் நாலு விசிறியும் நின்றுபோகும். மிஷின் ஏரியில் விழும். போட்டோவும் இல்லை, வழக்கும் இல்லை. ஊர் சிரிக்கும், அது பழகினதுதான். கட்டைவிரல் குச்சியின் மேல் போனது. பாதி இறங்கவும் இறங்கியது. அண்ணாந்து பார்த்தாள். செருப்புத் துண்டும் படகுப் பிசினுமாக அவள் செய்தது, காற்று அத்தனை தள்ளு தள்ளியும், அங்கே ஆணி அடித்து நின்றுகொண்டிருந்தது. அவளால் முடியவில்லை. என்ன ஆனாலும் முடியவில்லை.

போனைக் கழற்றி ரங்கன் கையில் கொடுத்தாள். "பாத்துக்கங்க. என் வூட்டுக்காரர்தான்."

ரங்கன் பார்த்தார். சகாதேவன் எட்டிப் பார்த்துவிட்டு, "கெலிச்சேன்!" என்று குதித்த குதியில் படகு கவிழப் பார்த்தது. தாமோதரன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இது நடக்காது! நான் கணியம் பாத்துத்தான் நட்டேன்!" என்று கத்தினான்.

கணியம் என்பது ஏரியில் இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையில் வைத்துக்கொள்ளும் அடையாளம். இதைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று இருக்கும். அடுத்தவனுடையதைக் கேட்பதே மரியாதை இல்லை. ஆனால் சோறு போகிற ஆத்திரத்தில் தாமோதரனுக்கு வழக்கமெல்லாம் மறந்துவிட்டது.

"முன்ன ரெட்டப்பனைக்கு நேரா நடுவோம். புயல்ல பனை விழுந்துடுச்சு. அத்தொட்டு பனைக்குப் பின்னால தெரியுதே, காட்டுப்பள்ளி ஹார்பர் கிரேன், அந்தச் செவப்பு கிரேன், அதுக்கு நேரா வச்சேன். பொங்கலுக்கு முன்ன ஏழு, அப்புறம் மீதி. ஒரு விரக்கடை தப்பல!"

லோகநாயகிதான் மெதுவாகச் சொன்னாள். "யோவ்... கிரேன் நடக்கும்யா."

"இன்னா?"

"தண்டவாளத்து மேல நிக்குதுய்யா அது. கப்பல் எங்க நின்னா அங்க நடந்து போவும். ஒரு நாள் இங்க நிக்கும், ஒரு நாள் அங்க நிக்கும்!"

ஊரே இதற்குச் சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் படகில் ஒருவன் குனிந்து தண்ணீர் மொண்டு கொட்ட ஆரம்பித்தான். படகில் தண்ணீரே இல்லை. ரங்கன் நாலு தடவை இருமினார். குதித்துக்கொண்டிருந்த சகாதேவன் உட்கார்ந்துவிட்டான்.

"சரி சரி, தீர்ப்பு ஆயிடுச்சில்ல" என்றான் அவசரமாக. "மிஷின ஜல்தியா எறக்கு தங்கச்சி. பாவம், பேட்டரி தீந்துடும்."

பத்து நிமிஷத்துக்கு முன் கருவாட்டுக் கேலி, இப்போது பாவமா? லோகநாயகி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரங்கன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த படகுகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருவர் கண்ணும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. போன சுவாசம் அவளுக்கு மெல்லத் திரும்பி வந்தது.

"பேட்டரி கீதுண்ணே. கயிற இன்னும் கொஞ்சம் வுடு. மேல போய் மொத்தமா ஒரு தடவ பாத்துடுவோம்."

"எதுக்கும்மா வீண் வேல?" என்றார் ரங்கன்.

"சும்மா ஒரு தமாஷுக்கு தலைவரே."

மிஷின் மேலே ஏறியது. ஏரி முழுசாகப் படத்தில் வந்தது. தாமோதரன் வரிசை பத்து மார் கோணல். சகாதேவன் வரிசை ஆறு மார் கோணல், தலைவர் இடத்துக்குள். தலைவர் வரிசை நாலு மார் கோணல், படகுத் தடத்துக்குள். அதற்கு அப்பாலும் கண்ணுக்கெட்டிய வரை அத்தனை வரிசையும் பொங்கலுக்குப் பிறகு ஒரே பக்கமாக, ஒழுங்காக, ஒற்றுமையாகச் சாய்ந்திருந்தன. பனை விழுந்ததும் ஒவ்வொருத்தனும் தான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல், அதே கிரேனைப் பிடித்திருக்கிறான்!

லோகநாயகிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. "பந்தயம் பந்தயம்தான் தலைவரே. கோட்டத் தாண்டினவன் ஏரில எறங்கக் கூடாது. இன்னிலேந்து எல்லாரும் கரையில குந்திகினு பல்லாங்குழி ஆடுங்க!"

தலைவர் அன்றைக்கே வேறு தீர்ப்புச் சொன்னார். பந்தயம் ரத்து, எல்லாரும் கழியைப் பிடுங்கி நேராக நட வேண்டும், அதற்குக் கணியம் நாலு விசிறி. எண்ணெய் டின் மட்டும் இரண்டுக்குப் பதிலாக ஆளுக்கொன்றாய்ப் பதினெட்டு வந்தது. அம்மன் விளக்கு அடுத்த தை வரைக்கும் அணையாது.

மறுநாள் காலை மிஷின் தலைக்கழிக்கு மேலே போய் நின்றது. லோகநாயகி படகின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, போனைப் பார்த்துக் கத்தினாள். "தலைவரே, ரெண்டு மார் கெழக்க! இன்னும்! போதும், நடுங்க!" ஆறடி ஆண்பிள்ளைகள் கழியைத் தூக்கிக்கொண்டு அவள் சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தார்கள். சகாதேவன் வீட்டிலிருந்து காலையிலேயே நண்டுக் குழம்பு வந்துவிட்டது. "ஆடாம பாத்துக்கம்மா" என்று தூக்குவாளியோடு சொல்லியும் அனுப்பியிருந்தான்.

கடைசியாகத் தாமோதரன் முறை. கழியோடு தண்ணீரில் நின்றவன் படகோரம் வந்து குரலைத் தாழ்த்தினான். "நாயகி, ஒரே ஒரு மார் மேற்க சொல்லேன். மச்சானுக்குத் தெரியவா போவுது? கணியமே உன் கையிலதானே கீது."

லோகநாயகி முறுக்கை வைத்துவிட்டு, ரிமோட்டைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். முந்தின நாள் இதே கட்டைவிரல் அந்தக் குச்சியில் பாதி இறங்கியது அவளுக்கு மறக்கவில்லை. விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சகாதேவண்ணே!" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள். "இங்க வந்து நில்லு! உன் மாப்ள கழி நடறத நீயே பக்கத்துல இருந்து பாரு!"

தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டு, சரியான இடத்தில் கழியை ஊன்றினான்.